நிலையத்திலிருந்து நிலையத்துக்கு: கொழும்பில் நடக்கத் தொடங்குவது எப்படி?

உடம்புக்காக நடப்பவர்களில் பலர் ஒரே மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். மூன்றாம் வாரம் சலித்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு ரயில் நிலையத்தில் இறங்கி அடுத்த நிலையம் வரை நடந்து பாருங்கள். வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. வாகனத்தை எங்கே நிறுத்துவது என்ற தலையிடி இல்லை. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதையும் நிலையங்களே தீர்மானித்துவிடுகின்றன. கரையோரப் பாதையில் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை என்று ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றருக்கு ஒரு நிலையம் இருக்கிறது. நடந்து பழகாதவருக்கு இதைவிட வசதியான அளவு கிடைக்காது.

கொழும்புத் தமிழருக்கு ஊரை நடந்து கடப்பது புதிதும் அல்ல. ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை தேரோடு நடந்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். முதல் நடையாக நான் சொல்லப்போவது அதில் பாதித் தூரம்கூட இல்லை.

படி 1: தண்டவாளத்தை விட்டு விலகுங்கள்

நிலையங்களுக்கு நடுவே நடப்பது என்றதும் தண்டவாளத்தின் ஓரமாக நடப்பதுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. வெள்ளவத்தைப் பக்கம் மாலையில் பார்த்தால் பாதி ஊர் அதைத்தான் செய்கிறது. நீங்கள் செய்ய வேண்டாம். சட்டப்படி அது குற்றம். அதைவிட முக்கியம், கடலின் இரைச்சல் ரயிலின் சத்தத்தை விழுங்கிவிடும். இங்கே இருப்பது இரட்டைப் பாதை. ஒரு ரயில் போய்விட்டதே என்று இறங்கிக் கடப்பவர், எதிர்த்திசையில் வரும் இன்னொன்றைக் கவனிப்பதில்லை. கைப்பேசியில் பேசிக்கொண்டே கடப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடற்கரைக்கு இறங்க ஆசைப்பட்டால் கடவை உள்ள இடத்தில் நின்று, இரு பக்கமும் பார்த்து, கடந்துவிடுங்கள். நிலையத்தில் மேடை மாறுவதற்குப் பாலம் இருந்தால், மேடையிலிருந்து குதிக்காமல் பாலத்தில் ஏறுங்கள். இந்தப் படியை மட்டும் நான் பேரம் பேசுவதில்லை.

படி 2: ஓர் இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள்

முதல் நடைக்குப் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை என்பதே என் சிபாரிசு. தூரம் இரண்டு கிலோமீற்றர் அளவுதான். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காலி வீதி, இரண்டுக்கும் நடுவே ஏணிப்படிகள் போல வரிசையாக ஒழுங்கைகள். வழி தவறவே முடியாது. கடலைப் பார்த்தபடி நின்றால் இடப்பக்கம் வெள்ளவத்தை, வலப்பக்கம் கோட்டை. அவ்வளவுதான் வரைபடம்.

படி 3: முதலில் ரயில், பிறகு நடை

இதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. நடந்துவிட்டு ரயிலில் திரும்பலாம் என்பார்கள் சிலர். தொடக்கத்தில் நான் அதை ஆதரிப்பதில்லை. வியர்த்து, கால் வலித்து, நிலையத்துக்குப் போய் அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ காத்திருப்பது சுகமான அனுபவம் அல்ல. உடலில் தென்பு இருக்கும்போதே ரயிலில் போய் இறங்குங்கள். பிறகு வீட்டை நோக்கி நடந்து வாருங்கள். வெள்ளவத்தையில் இருப்பவர் ரயிலில் பம்பலப்பிட்டிக்குப் போய், அங்கிருந்து வீடு நோக்கி நடக்கலாம். நடுவே களைத்துவிட்டால் ஓர் ஒழுங்கை வழியாகக் காலி வீதிக்கு ஏறினால் போதும். 100, 101 இலக்கப் பஸ்கள் வந்துகொண்டே இருக்கும்.

பயணச்சீட்டு மூன்றாம் வகுப்பு, ஒருவழி மட்டும். இறங்கிய நிலையத்தின் வாயிலில் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள், எறிந்துவிடாதீர்கள். சீட்டு வாங்கும்போதே ‘இந்த ரயில் பம்பலப்பிட்டியில் நிற்குமா?’ என்று கேட்டுவிடுங்கள். தூரப் பயண ரயில்கள் சிறிய நிலையங்களை மதிப்பதே இல்லை. கோட்டை வரை கொண்டுபோய்த்தான் விடும்.

காலையிலும் மாலையிலும் அலுவலக ரயில்களைத் தவிருங்கள். வாசலில் தொங்கியபடி போய் இறங்குவது உலாவுக்கு நல்ல தொடக்கம் அல்ல. ஞாயிறு, போயா நாள்களில் கூட்டம் குறைவு, ஆனால் ரயிலும் குறைவு. நேரம் அறிய 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலையத்தை அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

படி 4: பையில் என்ன?

தண்ணீர், குடை, சில்லறை, அடையாள அட்டை. அடையாள அட்டை ஏன் என்று கொழும்புத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. காலுக்குப் பழகிய சப்பாத்து. புதிதாக வாங்கி அதே நாள் போட்டுக்கொண்டு புறப்பட வேண்டாம்.

படி 5: பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு

காலை ஏழு மணி சுமாருக்குத் தொடங்குங்கள். கடலோர வீதியான மரைன் டிரைவின் கிழக்குப் பக்கம் முழுவதும் அடுக்குமாடிக் கட்டடங்கள். அவற்றின் நிழல் காலையில் கடலை நோக்கி வீதியில் விழும். ஒன்பது மணிக்கு மேல் அந்த நிழல் சுருங்கத் தொடங்கும். மாலையில் நடந்தால் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க மாலையில்தான் வருவேன் என்பவர்கள் ஐந்தரைக்குப் பிறகு வரட்டும்.

பம்பலப்பிட்டி நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் உடனே நடக்கத் தொடங்காமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். இரும்புத் தூண், வேலி, பெயர்ப் பலகையின் கால் எல்லாவற்றிலும் உப்புக்காற்று வேலை செய்திருக்கும். வர்ணத்துக்கு அடியில் துரு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கும், விரலால் தொட்டால் உதிரும். கடலுக்கும் பாதைக்கும் நடுவே கொட்டியிருக்கும் கருங்கற்கள்தான் இந்தத் தண்டவாளத்தைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்ரெம்பர் வரை அலை அந்தக் கற்களில் மோதிச் சிதறும். அந்த மாதங்களில் கண்ணாடி அணிபவர்கள் அதைத் துடைக்க ஒரு துணி கொண்டுபோங்கள். பத்து நிமிடத்துக்குள் உப்புப் படிந்து பார்வை மங்கிவிடும்.

இனித் தெற்கு நோக்கி, கடல் வலப்பக்கம் இருக்க, மரைன் டிரைவ் நடைபாதையில் நடங்கள். முழுத் தூரத்தையும் இதிலேயே நடந்தால் ஒரே காட்சியாக இருக்கும். எனவே சில ஒழுங்கைகளைத் தாண்டியதும் இடப்பக்கம் திரும்பிக் காலி வீதிக்கு ஏறுங்கள். அங்கே சிறிது தூரம் நடந்து, வேறோர் ஒழுங்கை வழியாகக் கடலுக்கு இறங்குங்கள். இந்த ஒழுங்கைகளில்தான் பழைய கொழும்பு மிச்சமிருக்கிறது. பத்து மாடிக் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஓடு போட்ட ஒற்றை வீடு, வாசலில் செவ்வரத்தை, மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கும் மாமரம். காலி வீதியின் பஸ் இரைச்சல் பின்னால் குறையக் குறைய, முன்னால் அலைச்சத்தம் கூடிக்கொண்டே வரும். இரண்டும் சமமாகக் கேட்கும் ஓர் இடம் ஒவ்வோர் ஒழுங்கையிலும் உண்டு.

காலி வீதிக்கு ஏறும்போது பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவில்களைப் பார்த்துக்கொள்ளலாம். ஆடிவேல் வந்து தங்குமிடம் இதுதான். தெற்கே இன்னும் நடந்தால் புனித பேதுரு கல்லூரி, அதை ஒட்டி வெள்ளவத்தைக் கால்வாய். உள்ளே தாழ்நிலங்களில் தேங்கும் மழைநீரைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் வழிகளில் ஒன்று இது. பாலத்தில் நின்று கீழே பாருங்கள். பார்க்கத் தகுந்த தண்ணீர் என்று சொல்லமாட்டேன். ஆனால் கரையில் வெயில் காயும் கபரகொய்யாவும், அதைச் சட்டை செய்யாமல் நிற்கும் கொக்கும் கண்ணில் படலாம்.

கால்வாயைத் தாண்டினால் வெள்ளவத்தை. கடைப்பெயர்கள் தமிழாகும், வாசலில் வாழைக்குலை தொங்கும், ஒடியல் மாவும் புழுக்கொடியலும் பனங்கட்டியும் கிடைக்கும். இங்கே அவசரப்படாதீர்கள். ஒரு சைவக் கடையில் உளுந்து வடையும் தேநீரும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். புத்தகப் பிரியர்களுக்கு, 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் காலி வீதியிலிருந்து நிலப்பக்கம் திரும்பினால் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. நிலையத்துக்குப் போவதானால், கடல் நோக்கி இறங்கும் ஸ்டேஷன் வீதியைப் பிடியுங்கள்.

நிற்காமல் நடந்தால் அரை மணி நேரம். நான் சொன்ன மாதிரி நடந்தால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், அதுதான் சரியான வேகம்.

படி 6: கோட்டையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு

இரண்டாவது நடையாக இதை வைத்துக்கொள்ளுங்கள், நாலு கிலோமீற்றர் அளவு. கோட்டை நிலையத்திலிருந்து லோட்டஸ் வீதி வழியாகக் காலிமுகத்திடல். இந்தத் திடலின் நடைபாதையை ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்பின் பெண்களினதும் குழந்தைகளினதும் நலனுக்காக இதைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக்கொள்ளும் கல் ஒன்று அங்கே இருக்கிறது. தேடிப் படியுங்கள். திடலின் தென்கோடியில் நிற்கும் காலிமுக ஹோட்டல் 1864இல் எழுந்தது. இலங்கையின் முதல் ரயில் ஓடியதும் அதே ஆண்டில்தான்.

ஹோட்டலைத் தாண்டியதும் அலரி மாளிகையும் தூதரகங்களும் வரும். அந்தத் துண்டில் கைப்பேசியைப் பையில் போட்டுவிடுங்கள். படம் எடுக்கும் இடம் அல்ல. இறால் வடை வேண்டுமானால் மாலையில் வாருங்கள், காலையில் திடலில் காகங்கள்தான்.

படி 7: நாட்டுப்புறத்துக்குப் போகலாம்

நகர நடைகள் பழகியபின் களனிவெளிப் பாதைக்கு மாறுங்கள். மருதானையிலிருந்து நுகேகொடை, மகரகமை, ஹோமாகமை வழியாக அவிசாவளை போகும் இந்தப் பாதை 1902இல் அவிசாவளையை எட்டியது. தொடக்கத்தில் இரண்டரை அடி அகலக் குறுகிய பாதையாகப் போட்டார்கள். 1990களில் அகலப் பாதையாக மாற்றியபோதும் பழைய நெளிவுகள் பெரும்பாலும் அப்படியே நின்றுவிட்டன. அதனால்தான் ரயில் வீட்டுக் கொல்லைகளை உரசிக்கொண்டு ஊர்ந்து போகிறது. நடப்பவருக்கு அதனால் ஒரு லாபமும் ஓர் ஆபத்தும் உண்டு. நிலையங்கள் நெருங்கி நெருங்கி இருப்பது லாபம். வளைவுக்கு அப்பால் வரும் ரயில் தெரியாது என்பது ஆபத்து. முதல் படி இங்கே இரண்டு மடங்கு பொருந்தும்.

ஹோமாகமை வரை நகரம் விட்டபாடில்லை. மீகொடைக்குப் பிறகுதான் பாதை, கொழும்பிலிருந்து அவிசாவளை போகும் ஹைலெவல் வீதியை விட்டு விலகி, பாதுக்கை, வாக என்று வயலுக்கும் இறப்பர்த் தோட்டங்களுக்கும் நடுவே சுற்றி, கொஸ்கமையில் மறுபடி வீதிக்கு அருகே வருகிறது. இந்த வளைவுக்குள் அடுத்தடுத்த இரண்டு சிறு நிலையங்களைத் தேர்ந்தெடுத்து, நடுவே கிராம வீதியில் நடங்கள். கைப்பேசி வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி வையுங்கள். வரைபடத்தில் கோடாகத் தெரிவதெல்லாம் வீதி அல்ல, சில வயல் வரப்பு, சில யாருடைய வளவுக்கோ போகும் வழி. வேலியோ படலையோ கண்டால் திரும்பிவிடுங்கள்.

சிங்களத்தில் ஒரு வரி தெரிந்தால் போதும்: ‘ஸ்டேஷன் எக்க கொஹேத?’ நிலையம் எங்கே என்று பொருள். பெரும்பாலும் ‘லங்கய்’, அதாவது பக்கத்தில்தான் என்று பதில் வரும். கிராமத்தவரின் பக்கம் ஒரு கிலோமீற்றராகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். தனியே போகாதீர்கள். நாய்கள் குரைத்தால் ஓடாமல், குடையை முன்னால் பிடித்தபடி மெதுவாக விலகுங்கள். கடித்துவிட்டால், சிறிய காயமென்று விடாமல், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள்.

மழையையும் கணக்கில் எடுங்கள். ஏப்ரலிலும், ஒக்ரோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடிமின்னலோடு கொட்டும். அந்த மாதங்களில் மதியத்துக்குள் நடையை முடித்துவிட வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

பாதுக்கைக்கு அப்பால் ரயில்கள் குறைவு, பகலில் நீண்ட இடைவெளி உண்டு. இங்கேயும் ரயிலில் போய் இறங்கி, கொழும்புத் திசையாக நடப்பதே நல்லது. இறங்கிய உடனேயே நிலைய அதிபரிடம் திரும்பும் ரயிலின் நேரத்தைக் கேட்டுக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ரயில் தவறினால் ஹைலெவல் வீதிக்குப் பஸ்ஸோ முச்சக்கர வண்டியோ பிடியுங்கள். அங்கே அவிசாவளையிலிருந்து கொழும்புக்கு வரும் பஸ்கள் கிடைக்கும்.