பனிப்புயலில் கார் சிக்கினால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பனியில் புதைந்த கார்களை மீட்கும் பணியில், புதிதாகப் பனிப்பிரதேசத்தில் காரோட்டுபவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அதே தவறுகளைச் செய்வதைப் பார்க்கிறேன். டயர், எரிபொருள், கம்பளி பற்றிய அறிவுரைகள் எங்கும் கிடைப்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சைலன்சரைப் பார்க்காமல் எஞ்சினை ஓடவிடுவது

இதை எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை என்பதுதான் என் ஆற்றாமை. ஒருமுறை நாங்கள் நெருங்கிய காரில் ஓர் இளைஞர் கண்ணாடிகளை இறுக மூடி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருந்தார். முன்கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தார். பின்புறமோ பம்பர் மறையும் அளவுக்குப் பனி குவிந்திருந்தது. கையால் தோண்டியபோது சைலன்சரின் வாய் பனியால் கெட்டியாக அடைபட்டிருந்தது. தலைவலியையும் குமட்டலையும் அவர் களைப்பு என்றே எண்ணியிருந்தார்.

வெளியேற வழியில்லாத புகை காருக்குள் கசிகிறது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்வதால், மூச்சு சீராக இருக்கும்போதே உடல் ஆக்சிஜனின்றித் தவிக்கிறது. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரீயில் பனியில் சிக்கிய வாகனங்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கடுங்குளிருடன் இந்த வாயுவும் காரணமாகச் சொல்லப்பட்டது.

ஆகவே எஞ்சினை இயக்கும் முன் ஒவ்வொரு முறையும் இறங்கிச் சென்று சைலன்சரைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். சற்று முன் அகற்றிய இடத்தையும் காற்று மீண்டும் மூடிவிடும். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓடவிட்டு, காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியைச் சிறிது இறக்கி வையுங்கள். கண்ணாடியை இறக்கினாலே போதும் என்று சைலன்சரை விட்டுவிடுவது பெரும் ஆபத்து.

காரை விட்டு இறங்கி நடப்பது

வேண்டாம், காரை அகன்றால் சில அடிகளிலேயே திசை தவறும்.

வெப்பமானியை மட்டும் நம்புவது

மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் மணிக்கு 24 கிலோமீட்டர் காற்று வீசினால், உடல் உணரும் குளிர் ஏறத்தாழ மைனஸ் 28 டிகிரி. மூடாத தோல் அரைமணி நேரத்தில் உறையத் தொடங்கலாம்.

உறைந்த விரலைத் தேய்ப்பது

தேய்த்தால் உறைந்த திசு மேலும் சிதையும். விரல் மறுபடி உறையும் வாய்ப்பு இல்லாத இடத்தை அடைந்த பிறகே, 37 முதல் 39 டிகிரி வரையிலான வெதுவெதுப்பான நீரில் அதை அமிழ்த்த வேண்டும். இளகிய விரல் மீண்டும் உறைந்தால் முதல்முறையைவிடச் சேதம் அதிகம்.