டர்ட்டி பைப்: உங்கள் சர்வரின் கெர்னலைச் சரிபார்த்துத் திருத்தும் முறை

2022 மார்ச் 7 அன்று நிரலாளர் மேக்ஸ் கெல்லர்மன் வெளிப்படுத்திய டர்ட்டி பைப் என்னும் குறைபாடு (பாதுகாப்புக் குறைபாடுகளின் பொதுப்பட்டியலில் சிவிஇ-2022-0847), லினக்ஸ் இயக்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இருந்தது; அது ஒரு கோப்பைப் படிக்க மட்டுமே அனுமதி பெற்ற சாதாரணப் பயனர்கூட அதன் உள்ளடக்கத்தை மாற்றி, கணினி முழுவதையும் ஆளும் ரூட் அதிகாரத்தை அடைய வழிவிட்டது. நெடுநாள் புதுப்பிக்கப்படாத லினக்ஸ் சர்வர் உங்கள் பொறுப்பில் இருந்தால் இதை இன்றே சரிபார்த்துவிடுங்கள்.

குறைபாட்டின் தன்மையை அறிந்துகொண்டால் சோதிக்கும் வரிசையும் விளங்கும். வட்டிலிருந்து படித்த கோப்பின் பக்கங்களைக் கெர்னல் பேஜ் கேஷ் என்ற நினைவகப் பகுதியில் வைத்திருக்கும். ஸ்ப்ளைஸ் என்ற அழைப்பு அந்தப் பக்கத்தை நகலெடுக்காமல், அதைக் காட்டும் சுட்டியை மட்டும், நிரல்களுக்கிடையே தரவைக் கடத்தும் பைப்பின் ஓர் இடத்தில் வைக்கும். அப்போது அந்த இடத்தின் ஃப்ளாக் என்ற குறிப்பு மதிப்பைச் சுழியமாக்காமல் விட்டதால், 'இதே பக்கத்தில் சேர்த்து எழுதலாம்' என்ற பழைய குறிப்பு தங்கிவிட்டது. அடுத்துப் பைப்பில் எழுதியவை நேராகக் கோப்பின் பேஜ் கேஷிலேயே பதிந்தன. கெர்னல் நிரலின் இரண்டு இடங்களில் அந்த மதிப்பைச் சுழியமாக்கியதே திருத்தம்.

முதலில் யூநேம் கட்டளையை ஆர் என்ற தெரிவுடன் (uname -r) இயக்கி, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்பைப் பாருங்கள். இந்தத் தாக்குதல் 5.8 முதல் சாத்தியமானது, 5.10.102, 5.15.25, 5.16.11 ஆகியவற்றில் திருத்தம் வந்தது. ஆனால் எண்ணை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள்: டெபியன், ரெட்ஹேட் போன்ற லினக்ஸ் விநியோகங்கள் பழைய எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தைச் சேர்ப்பதுண்டு. டெபியன் 11 தன் 5.10.92-2 தொகுப்பிலேயே இதைச் சரிசெய்தது. ஆகவே, உங்கள் விநியோகத்தின் பாதுகாப்பு அறிவிப்போடு முழுத் தொகுப்பு எண்ணையும் ஒப்பிடுங்கள்.

பாதிக்கப்பட்ட பதிப்பு என்று தெரிந்தால், மறுதொடக்கம் செய்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பலர் தவறவிடுவது இதைத்தான். இந்த வழியில் செய்த மாற்றம் பொதுவாக வட்டுக்குப் போகாமல் நினைவகத்திலேயே நிற்பதால், மறுதொடக்கத்தோடு தடயமும் அழிந்துவிடும். எனவே டெபியன் வகையில் டெப்சம்ஸ் (debsums), ரெட்ஹேட் வகையில் ஆர்பிஎம்-இன் சரிபார்ப்பு வசதி (rpm -V) ஆகியவற்றால், நிறுவிய நிரல்களைத் தொகுப்பின் பதிவோடு முதலில் ஒப்பிடுங்கள். பயனர் கணக்குகளின் பட்டியலான /etc/passwd கோப்பைத் தனியாகத் திறந்து பாருங்கள். மாற்றம் தென்பட்டால், ரூட் அதிகாரம் பெற்றவர் வட்டிலும் வேறு கதவுகளைத் திறந்து வைத்திருக்கக்கூடும். அந்தச் சர்வரைப் பிணையத்திலிருந்து துண்டித்து, நம்பகமான காப்பு நகலிலிருந்து புதிதாக நிறுவுவதே என் பரிந்துரை.

பிறகு கெர்னலைப் புதுப்பித்து, மறுதொடக்கம் செய்து, யூநேமை மீண்டும் இயக்குங்கள். தொகுப்பை நிறுவியதோடு நின்றால் பழைய கெர்னலே ஓடிக்கொண்டிருக்கும். டாக்கர் கன்டெய்னர்கள் (நிரல்களைத் தனித்தனியாக அடைத்து இயக்கும் சூழல்கள்) தம்மைத் தாங்கும் கணினியின் கெர்னலையே பகிர்ந்துகொள்வதால், கன்டெய்னருக்குள் எதைப் புதுப்பித்தாலும் இந்தக் குறைபாடு தீராது. திருத்தம் தாங்கும் கணினியில்தான் நிகழவேண்டும்.