ஒரு சேலை, நான்கு அடுக்கு: மும்பை வீட்டில் கோதடி தைக்கும் முறை

துணியை எடுக்கும் முன் வீட்டுக் கொடியைப் பாருங்கள். மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் எங்கே இருந்தாலும் பெரும்பாலான வீடுகளில் துணி காயப்போடுவது கூரையில் தொங்கும், கயிறு இழுத்து ஏற்றும் குழாய்களில்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலை நம்ப முடியாது. தைத்த போர்வை அந்தக் குழாயில், மின்விசிறிக் காற்றில், ஒன்றரை நாளுக்குள் காய வேண்டும். காயாவிட்டால் முதலில் நாற்றம், பிறகு பூஞ்சணம். எத்தனை அடுக்கு, என்ன நூல், எவ்வளவு பெரிய போர்வை என்பதையெல்லாம் இந்த ஒரு கணக்கு முடிவு செய்துவிடுகிறது.

அதனால் உள்ளே பஞ்சு வேண்டாம். வெளிநாட்டு க்வில்ட் வீடியோக்களில் நடுவே விரிக்கும் பஞ்சு விரிப்பு குளிர் ஊர்களுக்குச் சரி. இங்கே பருத்திப் பஞ்சு ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். தளர்வான பஞ்சாக இருந்து தையலும் இடைவெளி விட்டு இருந்தால், நாலு துவைப்பில் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். பாலியெஸ்டர் விரிப்பு சீக்கிரம் காயும், ஆனால் போர்த்தினால் வியர்க்கும். மராத்தி வீடுகளின் கோதடி இந்தச் சிக்கலுக்கு எப்போதோ வழி கண்டுவிட்டது. பழைய பருத்திச் சேலைகளை அடுக்கி, ஓட்டத் தையலால் இறுக்கிவிடுவார்கள். மேலே, நடுவே, அடியில் எல்லாம் சேலைதான்.

கணக்கு எளிது. ஐந்தரை மீட்டர் சேலை என்றால் சுமார் 216 அங்குலம். அதை மூன்றாக வெட்டினால் 72 அங்குல நீளமும் 45 அங்குல அகலமுமாக மூன்று துண்டுகள். ஒன்று அடித்துணி, இரண்டு நடு அடுக்கு. மேலே ஒட்டுத்துணிக் கட்டங்கள். ஆக நான்கு அடுக்கு. முடிந்ததும் சுமார் 42 அங்குல அகலமும் 66 அங்குல நீளமும் வரும். ஒருவர் போர்த்திக்கொள்ளவும், மதியம் தரையில் விரித்துப் படுக்கவும் போதும். எடை ஒரு கிலோவுக்குள் அடங்கும், எந்த வாஷிங் மெஷினும் தாங்கும். ஐந்தாவது அடுக்கு வைக்க ஆசை வரும். வைத்தால் ஊசி ஒரே வீச்சில் நாலு தையல் எடுக்காது, மழைக்காலத்தில் காயவும் காயாது.

சேலையைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. துவைத்துத் துவைத்து மென்மையான பருத்திதான் வேண்டும்: சுங்குடி, கோயம்புத்தூர் காட்டன், அம்மாவின் பழைய ஒன்பது கஜம் எதுவும் ஆகும். ஒன்பது கஜம் என்றால் நாலு துண்டு கிடைக்கும். நாலாவதை மேல்துணிக்கு வைத்துக்கொள்ளலாம். பட்டு, ஜார்ஜெட், சிந்தெடிக் ஆகாது. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கொசுவம் வரும் இடமும் உட்காரும் இடமும் சல்லடையாகத் தெரியும். அந்தப் பகுதியை இரு கட்டைவிரல்களுக்கிடையே அழுத்தி இழுங்கள். இழை விடும் சத்தம் கேட்டால் அது நடு அடுக்குக்கு மட்டும். அடித்துணிதான் தரையில் உரசும், அதனால் இருப்பதிலேயே கெட்டியான துண்டு அதற்கு. ஃபால்ஸைப் பிரித்து எடுத்துவிடுங்கள். சரிகை முந்தானையையும் வெட்டி ஒதுக்குங்கள். சரிகையில் ஊசி சிக்கும், நாளாக நாளாகக் கறுக்கும், கன்னத்தில் கீறும்.

மேல்துணிக்குக் கடைக்குப் போக வேண்டிய அவசியமே பல வீடுகளில் இருக்காது. கொலுவுக்கு வெற்றிலை பாக்கோடு வந்து, அடுத்த வருஷம் வேறு வீட்டுக்குப் போகக் காத்திருக்கும் ரவிக்கைத் துணிகள் பீரோவில் கிடக்குமே, அவைதான். ஆனால் அவற்றில் பாதி பாலியெஸ்டர் கலந்தவை. ஓரத்திலிருந்து நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, சிங்க் அருகே கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாசனையும் தொட்டால் உதிரும் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நின்றால் பாலியெஸ்டர். கலப்பும் மணி விடும். மணி விட்டதைத் தாம்பூலத்துக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். இன்னும் துணி வேண்டுமானால் தாதர் ஹிந்துமாதாவிலோ கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கத்து மங்கள்தாஸ் மார்க்கெட்டிலோ காட்டன் வாங்கலாம். தையல் பட்டறைகளில் வெட்டி மீந்த துண்டுகளுக்கு இங்கே ‘சிந்தி’ என்று பெயர். தாராவிப் பக்கம் எடைக்குக் கிடைக்கும். மூட்டையைக் கிளறிப் பார்த்து வாங்குங்கள். பனியன் துணியும் இழுத்தால் நீளும் துணியும் கலந்திருக்கும், இரண்டும் உதவாது.

எல்லாத் துணியையும் முதலில் துவைக்க வேண்டும். புதுப் பருத்தி சுருங்கும், பழைய சேலை இனிச் சுருங்காது. துவைக்காமல் இரண்டையும் சேர்த்துத் தைத்தால் முதல் துவைப்பிலேயே மேல்துணி இறுகி, அடித்துணி பைபோலத் தொங்கும். பழைய சேலையில் கஞ்சி இருந்தால் வெந்நீரில் ஊறவைத்து முழுக்கப் போக்குங்கள். கஞ்சிதான் கரப்பானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் தீனி. சிவப்பு, கருநீலம், மரூன் துணிகளில் சாயச் சோதனை கட்டாயம். சிறு துண்டு வெட்டி, ஒரு வெள்ளைத் துணியோடு எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர் விட்டு அரைமணி வையுங்கள். வெள்ளை நிறம் மாறினால் அந்தத் துணி வேண்டாம். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். கடையிலிருந்து வந்த துணியில் உப்பு சாயத்தைக் கட்டிப்போடாது. அதை நம்பி வாரக்கணக்கான கைவேலையைப் பணயம் வைக்காதீர்கள்.

கட்டம் ஒன்று 6½ அங்குலச் சதுரம். அகலத்தில் 7, நீளத்தில் 11, மொத்தம் 77. 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணி 45 அங்குல அகலமாக இருந்தால் ஒன்றில் 24 சதுரம் தேறும். நாலு துணி தாராளம். அளவு அட்டைக்குத் தினசரி காலண்டரின் பின்னட்டை நல்ல கனம். மூன்று அட்டை வெட்டிக்கொண்டு, 26 சதுரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒரே அட்டையைச் சுற்றி 77 தடவை பென்சில் ஓடினால் ஓரம் தேய்ந்து, கடைசிச் சதுரங்கள் முதல் சதுரங்களைவிடச் சிறுத்துப்போகும். அட்டையின் பக்கம் துணியின் பாவோடு, அதாவது நீள இழையோடு, நேராக இருக்கட்டும். சாய்த்து வெட்டிய துண்டு தைக்கும்போது நீண்டுகொண்டே போகும்.

சேலை அகலம் துவைத்தபின் 44 அங்குலம்தான் இருக்கிறது என்றால் சதுரத்தை 6¼ அங்குலமாக வெட்டிக்கொள்ளுங்கள். ஓரம் மடிக்க அடித்துணி வேண்டும் என்பதற்காக.

சதுரங்களை மெஷினில் கால் அங்குலத் தையல் விட்டு இணைக்க வேண்டும். 14 நம்பர் ஊசி போதும். மெஷின் காலின் ஓரத்தைக் கால் அங்குலம் என்று நம்பிவிடாதீர்கள், மெஷினுக்கு மெஷின் மாறும். ஊசி முனையிலிருந்து ஸ்கேலால் அளந்து, மெஷின் தகட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, துணியை அதன் ஓரமாக ஓட்டுங்கள். ஒவ்வொரு தையலும் அரை நூல், அதாவது பதினாறில் ஒரு பங்கு அங்குலம், கூடிப்போனால் இணைப்புக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம் குறையும். பத்து இணைப்புள்ள நீளவாக்கில் ஒன்றேகால் அங்குலம் காணாமல் போகும். எல்லா வரிசையிலும் ஒரே அளவு தப்பினால்கூடப் பரவாயில்லை, போர்வை சற்றுச் சிறிதாகும், அவ்வளவுதான். வரிசைக்கு வரிசை மாறினால் கட்டங்களின் மூலை சேராது. முதல் வரிசையின் தையல்களை இடப்பக்கமாகவும் அடுத்ததை வலப்பக்கமாகவும் இஸ்திரி போட்டு மடியுங்கள்; இரு வரிசையைச் சேர்க்கும்போது தடிப்புகள் ஒன்றையொன்று முட்டிப் பொருந்தும். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். மேல்துணி 42½ × 66½ அங்குலம் வந்தால் கை சரியாக இருக்கிறது.

இனி அடுக்குவது. நாலடிக்கு ஆறடி தரை வேண்டும், டீப்பாயைத் தள்ளிவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், கதவையும் சாத்துங்கள். டைல்ஸ் கோடுகளே நேர்கோடு பார்க்க உதவும். 45 × 69 அங்குலத்துக்கு வெட்டிய அடித்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, நாலு பக்கமும் டேப்பால் ஒட்டுங்கள். சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும், விறைக்க இழுக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அது தன் பழைய அளவுக்குத் திரும்பி, பின்பக்கம் முழுக்கச் சுருக்கம் விழும். அதன் மேல் 43½ × 67½ அங்குலத்துக்கு வெட்டிய நடு அடுக்கு இரண்டு. மேலே கட்டத்துணி நடுவாக.

பிறகு இழையோட்டம், அதாவது அடுக்குகள் நகராமல் பிடிக்கும் தற்காலிகத் தையல். மாறுபட்ட நிற நூலில், ஒன்றரை இரண்டு அங்குல நீளத் தையலாக, நடுவிலிருந்து வெளியே, நாலு அங்குலத்துக்கு ஒரு வரி. குறுக்கிலும் நெடுக்கிலும் ஓட்டுங்கள். சோம்பல்பட்டு ஊக்குக் குத்தி வைப்பவர்கள் மழைக்காலத்தில் செய்ய வேண்டாம். இந்த ஊர் ஈரத்தில் சாதா ஊக்கு சில வாரத்தில் துருப்பிடித்து, வெளிர் துணியில் போகாத பழுப்புப் புள்ளி வைக்கும்.

மராத்தியில் ஓட்டத் தையலுக்கு ‘தாவ் தோரா’, அதாவது ஓடும் நூல், என்றே பெயர். அதற்கு ஏழு அல்லது எட்டு நம்பர் எம்பிராய்டரி ஊசி போதும். நூல் பருத்தியாகத்தான் இருக்க வேண்டும். நைலானும் பாலியெஸ்டரும் பழைய சேலையைவிட வலுவானவை, இழுபடும்போது நூல் அறாது, துணியை அறுத்துவிடும். ஆங்கர் நூல்கண்டில் ஆறு இழை, எட்டு மீட்டர் இருக்கும். இரண்டிரண்டு இழையாகப் பிரித்துத் தைத்தால் ஒரு கண்டில் 24 மீட்டர். மொத்தம் 80 மீட்டருக்குச் சற்று மேல் செலவாகும். முடிச்சு, வால் எல்லாம் சேர்த்து ஐந்து கண்டு வாங்குங்கள். ஒன்றரை முழத்துக்கு மேல் நூல் கோக்க வேண்டாம், பாதி தூரத்தில் நைந்து முடிச்சு விழும். நடுவிரலுக்கு உலோக உறை அவசியம்; கடையில் ‘அங்குஸ்தான்’ என்று கேளுங்கள்.

வரிகள் ஒரு அங்குல இடைவெளியில், நீளவாக்கில். முதல் வரியை நடுக் கட்டத்தில், இணைப்புத் தையலிலிருந்து அரை அங்குலம் தள்ளி ஆரம்பியுங்கள். அப்போது எந்த வரியும் நீள இணைப்பின் தடிப்பின் மேல் ஏறாது. கட்டத்துக்கு ஆறு வரியாக 42 வரி வரும். கோடு போடவே வேண்டாம்: ஒரு அங்குல மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதன் ஓரமாகத் தைத்து, பெயர்த்து அடுத்த வரிக்கு நகர்த்துங்கள். இரவு முழுக்க டேப்பைத் துணியிலேயே விட்டால் பசை இறங்கும். பால்பாயிண்ட் பேனா பக்கமே போகாதீர்கள்.

அங்குலத்துக்கு மேலே தெரியும் தையல் நாலு. சிறுத்த தையலைவிடச் சமமான தையலே கோதடிக்கு அழகு. ஊசி நாலு அடுக்கையும் தொட்டதா என்று அடியில் வைத்த விரல்நுனிக்குத் தெரிய வேண்டும்; ஆரம்பத்தில் பலருக்கும் மேலே வரி அழகாக ஓடும், திருப்பினால் அடியில் பாதித் தையல் இருக்காது. வரி முடிந்ததும் கட்டைவிரலால் நீவிவிட்டு, பிறகே நூலை முடியுங்கள். சேலை நெசவு தளர்வானது, முடிச்சை இழுத்து உள்ளே புதைத்தால் மறுபக்கம் வந்து நிற்கும். அதற்குப் பதில் ஒரே இடத்தில் இரண்டு சிறு தையல் பின்னோக்கிப் போட்டு, ஊசியை அடுக்குகளுக்கிடையே ஒரு அங்குலம் ஓட்டி வெளியே எடுத்து வெட்டுங்கள். வரிக்கு அரைமணி என்று வைத்தால் 21 மணிநேர வேலை. தினம் இரண்டு வரி போட்டால் மூன்று வாரம்.

நடுவிலிருந்து வெளியே என்பது முன்பே தைத்த மேல்துணிக்கான முறை. கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தங்கள் போர்வையில் துண்டுகளைப் போகப் போகச் சேர்ப்பவர்கள் என்பதால், ஒரு மூலையில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். இரண்டையும் கலந்தால் நடுவில் துணி உப்பி நிற்கும்.

ஓரம் மடிக்க, நடு அடுக்குகளை மேல்துணியின் ஓரத்தோடு ஒட்ட வெட்டுங்கள். வழக்கமான விபத்து இங்கேதான்: கத்தரி அடித்துணியையும் சேர்த்து வெட்டிவிடும். ஒரு கை அடித்துணியை விலக்கிப் பிடித்தபடியே இருக்கட்டும். அடித்துணி நாலு பக்கமும் ஒன்றேகால் அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். மூலையை முதலில் முக்கோணமாக உள்ளே மடியுங்கள். மடிப்பு மேல்துணியின் மூலையைத் தொட வேண்டும். பிறகு பக்கங்களை அரை அங்குலம் மடித்து, மீதி முக்கால் அங்குலத்தை மேலே கவிழ்த்து, கையால் ஹெம்மிங் செய்யுங்கள். மூலையில் இரு மடிப்பும் சாய்வாகச் சந்திக்கும். தடித்தால் உள்ளே இருக்கும் முக்கோண நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடலாம். இழையோட்ட நூலை இதற்குப் பிறகுதான் உருவ வேண்டும்.

துவைக்கக் குளிர்ந்த நீரும் மிருதுவான சுழற்சியும் போதும். காயப்போடும்போது ஒரே குழாயில் இரண்டாக மடித்துப் போடாமல், இரண்டு குழாய்க்குக் குறுக்கே விரித்தால் நடுவே காற்று போகும். பிளாஸ்டிக் பையில் வைக்காதீர்கள், பழைய தலையணை உறையே நல்ல பை. மாதம் ஒருமுறை பிரித்து வேறு மடிப்பில் மடியுங்கள்.

ஒரு கட்டம் கிழிந்தால் தையலைப் பிரிக்கத் தேவையில்லை. 7 அங்குலச் சதுரம் வெட்டி, நாலு பக்கமும் அரை அங்குலம் உள்ளே மடித்து இஸ்திரி போட்டு, கிழிந்த கட்டத்தின் மேலேயே வைத்து ஓரத்தைத் தையுங்கள். பிறகு பழைய வரிகளின் நேர்க்கோட்டிலேயே நாலு அடுக்கையும் சேர்த்து ஆறு வரி ஓட்டிவிடுங்கள்.