வீடு நிறைய பூனை இருந்தால் எந்த லிட்டர் வாங்குவது

ஒரே ஒரு பூனை வைத்திருப்பவர் எந்த கேட் லிட்டர் (வீட்டுக்குள் பூனை ஒன்றுக்கும் இரண்டுக்கும் போகப் பெட்டியில் கொட்டிவைக்கிற மண்) வாங்கினாலும் பெரிய நஷ்டமில்லை. ஐந்து, ஆறு என்று சேர்ந்துவிட்ட வீட்டில்தான் (தெருவில் கத்திக்கொண்டிருந்த குட்டியை "ரெண்டு நாள் இருக்கட்டும்" என்று தூக்கிவந்துதான் எல்லா வீட்டிலும் சேர்கிறது) மாசக் கடைசியில் தீனிச் செலவுக்குப் பக்கத்திலேயே மண் செலவும் வந்து நிற்கும். உடனே எல்லோரும் செய்வது, கிலோ என்ன விலை என்று பார்த்து இருப்பதிலேயே மலிவான மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருவது. காசு கரைவதே அங்கேதான். பூனை ஒரு தடவை ஒன்றுக்குப் போனால் அதோடு சேர்த்து எவ்வளவு மண்ணை அள்ளிக் குப்பையில் போடுகிறீர்கள் என்று பாருங்கள், மூட்டை விலை அதற்கப்புறம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். வாங்க நினைக்கிற இரண்டு மூன்று வகையில் சின்ன பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது ஏற்கெனவே பூனை வளர்க்கிற நண்பரிடம் ஒரு டப்பா கேட்டு வாங்குங்கள். ஒரு கிண்ணத்தில் மூன்று அங்குல ஆழத்துக்கு மண்ணைக் கொட்டி, 30 மில்லி தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்து, ஒரே இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். வளர்ந்த பூனை ஒரு தடவை போவது ஏறக்குறைய அந்த அளவுதான். உப்பு எதற்கென்றால், வெறும் தண்ணீரில் ஜோராக உப்பிக் கட்டியாகிற களிமண் உப்புத் தண்ணீரில் கொஞ்சம் தளர்ந்துவிடும், பூனை மூத்திரமோ நல்ல உப்பு. கால் மணி நேரம் விட்டுக் கட்டியை அப்படியே எடுத்து சமையலறைத் தராசில் வையுங்கள். வருகிற எடையில் தண்ணீருக்கு 30 கிராம் கழித்தால் மீதி செலவான மண்.

சும்மா கணக்குக்கு வைத்துக்கொள்வோம். கிலோ 50 ரூபாய் மண்ணில் 60 கிராம் செலவாகிறது, கிலோ 35 ரூபாய் மண்ணில் 100 கிராம் செலவாகிறது. முதலாவது ஒரு தடவைக்கு 3 ரூபாய், இரண்டாவது மூன்றரை ரூபாய். ஆறு பூனை, நாளைக்கு மூன்று தடவை என்றால் பதினெட்டு கட்டி. மாதத்துக்கு 1,620 ரூபாயும் 1,890 ரூபாயும். "மலிவான" மூட்டைதான் 270 ரூபாய் கூடுதலாகத் தின்கிறது. இதோடு முடியவில்லை. மலிவு மண்ணில் கட்டி கெட்டியாக நிற்காமல் அள்ளும்போதே உடையும், உடைந்த ஈரத் துகள் பெட்டிக்குள்ளேயே தங்கி நாறும், ஒரு மாதம் வரவேண்டிய பெட்டியை இரண்டு வாரத்தில் மொத்தமாகக் கொட்டிக் கழுவ வேண்டியிருக்கும். அதனால் எடை போட்ட கட்டியை முழங்கால் உயரத்திலிருந்து தரையில் போட்டும் பாருங்கள். இரண்டு மூன்று துண்டானால் பரவாயில்லை, பொடிப்பொடியாகச் சிதறினால் அந்த மண் வேண்டாம்.

இந்தியாவில் கிடைக்கிற களிமண் லிட்டர் பெரும்பாலும் பெண்டோனைட் என்கிற களிமண்தான், குஜராத்தில் கட்ச் பக்கம் வெட்டி எடுக்கிறார்கள். இதில் சோடியம் வகை தண்ணீர் பட்டால் பல மடங்கு உப்பி இறுகப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் வகை உறிஞ்சும், ஆனால் அந்த அளவுக்கு உப்பாது, கட்டியும் அவ்வளவு உறுதியாக இருக்காது. எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று பாக்கெட்டில் எழுதியிருக்க மாட்டார்கள், அதற்குத்தான் மேலே சொன்ன சோதனை. பல பூனை வீட்டுக்கு என் முதல் சிபாரிசு வாசனை சேர்க்காத, பொடி மணிகளாக இருக்கிற பெண்டோனைட்தான். பூனைகள் பெரும்பாலும் மணல் மாதிரி மெல்லிசாகக் காலில் படுவதை விரும்பும், அதனால் புதுசாக ஒரு பூனை வந்து சேர்ந்தாலும் பழக்குவது சுலபம். லாவெண்டர், எலுமிச்சை வாசனை எல்லாம் நமக்காகப் போடுவது. சில பூனைகள் அந்த வாடைக்கே பெட்டிப் பக்கம் வராமல் சோபாவைத் தேடிப் போகும். சோபா கழுவுகிற செலவையும் மண் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

தூசியையும் பாருங்கள். ஒரு பிடி மண்ணைக் கறுப்புத் துணி மேல் ஓரடி உயரத்திலிருந்து கொட்டிவிட்டுத் துணியை உதறினால் தெரிந்துவிடும். வீட்டில் ஆஸ்துமா இருப்பவர் இருந்தால் இதில் சமரசம் வேண்டாம். சில பேர் எலெக்ட்ரிக்கல் கடையில் எர்த்திங் குழிக்குப் போடுகிற பெண்டோனைட் பவுடர் மலிவாகக் கிடைக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்கிறார்கள். பொருள் ஒன்றுதான், ஆனால் அது மாவு. பூனை ஒரு தடவை தோண்டினால் அறை முழுக்கப் பறக்கும், ஈரக்காலில் சேறாக ஒட்டும். வேண்டாம்.

களிமண்ணுக்கு அடுத்து, உண்மையிலேயே செலவைப் பாதியாக்கக்கூடியது மரத்தூள் பெல்லட். மரத்தூளை அழுத்திச் சின்னக் குச்சி குச்சியாக ஆக்கியிருப்பார்கள், ஈரம் பட்டதும் குச்சி உடைந்து தூளாகிவிடும். செல்லப்பிராணிக் கடையில் அழகான பையில் வாங்கினால் விலை ஏறும். ஆனால் பாய்லருக்கும் ஹோட்டல் அடுப்புக்கும் எரிக்கிற பெல்லட் மூட்டைக் கணக்கில் கிடைக்கும், கோயம்புத்தூர் பக்கம் தயாரிப்பவர்கள் நிறைய. அங்கே கேட்டு வாங்கும்போது "சுத்தமான மரத்தூளா, வேறு ஏதாவது கலந்திருக்கா" என்று தெளிவாகக் கேளுங்கள், ஏனென்றால் எரிப்பதற்கு விற்பதில் கடலைத் தோல், ப்ளைவுட் கழிவு, பெயின்ட் அடித்த பழைய மரம் எது வேண்டுமானாலும் போயிருக்கலாம். ஒரு பிடியைச் சுடுதண்ணீரில் போடுங்கள். நல்ல பெல்லட் சீக்கிரமே தூளாகி மர வாசனை வரும். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ பசை, பெயின்ட் வாடை அடித்தாலோ அந்த மூட்டையைத் தொடாதீர்கள். ஆறு அல்லது எட்டு மில்லிமீட்டர் கனம் போதும், அதைவிடத் தடிமனானது பூனையின் காலைக் குத்தும்.

பெல்லட்டுக்கு அள்ளுகிற முறையே வேறு. இரண்டு ட்ரே வேண்டும், மேலே ஓட்டை போட்டது, கீழே சாதாரணமானது. காய்கறிக் கடையில் இருக்கிற ஓட்டை க்ரேட்டை வாங்கி, அடி ஓட்டை பெல்லட் விழாத அளவு சின்னதா என்று பார்த்து, ஒரு டப்பின் மேல் பொருத்தினால் வேலை முடிந்தது. மலத்தை அள்ளிப் போட்டுவிட்டு மேல் ட்ரேயை ஒரு ஆட்டு ஆட்டினால் ஈரத்தூள் கீழே இறங்கிவிடும், காய்ந்த குச்சி மேலேயே நிற்கும். கீழ் ட்ரேயைத் தினமும் கொட்ட வேண்டும், ஒரு நாள் விட்டால் வாடை தூக்கும். இன்னொன்று, எல்லாப் பூனையும் குச்சி மேல் நிற்க ஒத்துக்கொள்ளாது. ஆறில் நான்கு ஒத்துக்கொண்டால்கூட லாபம்தான். நான்குக்கு பெல்லட், இரண்டு அடம்பிடிக்கிறவர்களுக்குக் களிமண் என்று கலந்து ஓட்டலாம்.

சோயா சக்கையில் செய்கிற டோஃபு லிட்டர் நல்ல பொருள், தூசி குறைவு, ஆனால் ஆறு பூனை வீட்டில் முழுக்க அதையே போட்டால் பர்ஸ் தாங்காது. அதை எடையில் சொல்லாமல் கொள்ளளவில் விற்பதால் குழப்பம் வேறு: ஆறு லிட்டர் கொள்ளும் டோஃபு பையில் ஏறக்குறைய இரண்டரை கிலோதான் இருக்கும். மழைக்காலத்தில் சோயா நார் பூசணம் பிடிக்கும், வண்டும் வரும். சிலிக்கா ஜெல் ஒற்றைப் பூனைக்குச் சரி. மூத்திரத்தை உள்ளேயே இழுத்து வைத்துக்கொள்வதால், பல பூனை போகிற பெட்டியில் சில நாளிலேயே நிரம்பி வழிய ஆரம்பித்துவிடும்.

அப்புறம் அந்தக் கேள்வி: "எங்க பாட்டி வீட்ல மணல்தானே போட்டாங்க?" போட்டார்கள், பூனை பாதி நேரம் தோட்டத்தில் இருந்தது. அமெரிக்காவிலேயே 1947இல் எட் லோ என்பவர் உறிஞ்சும் களிமண்ணை விற்க ஆரம்பிப்பதற்கு முன்னால் மணலும் சாம்பலும்தான். மணல் ஈரத்தை உறிஞ்சாது, அடியில் தேங்கவிட்டு மேலே காய்ந்த மாதிரி நடிக்கும், அடுக்குமாடி வீட்டில் இரண்டு நாளில் கண் எரியும். ஆற்று மணல் விற்கிற விலைக்கு அது மலிவும் இல்லை, எம்-சாண்ட் கூர்மையானது. தேங்காய் நார்த்தூள் கட்டி மலிவு, உறிஞ்சவும் செய்யும். ஆனால் தண்ணீரில் ஊறவைத்து விரித்து, மறுபடி வெயிலில் காயவைத்துத்தான் போட முடியும், அதற்கு மேல் வீடு முழுக்கப் பழுப்புக் கால்தடம். மொட்டை மாடி இருந்து பொறுமையும் இருந்தால் முயற்சி பண்ணுங்கள். பழைய செய்தித்தாளைக் கிழித்துப் போடுவதை இரண்டு பேருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: கருத்தடை ஆபரேஷன் முடிந்து காயம் ஆறாத பூனை, இரண்டு மாதம்கூட ஆகாத குட்டி. குட்டிகள் மண்ணைத் தின்று பார்க்கும், வயிற்றுக்குள் கட்டியாகிற மண் அதுகளுக்கு ஆபத்து.

பெட்டி எத்தனை என்றால், பூனை எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிக்கொள் என்பார்கள். ஆறு பூனைக்கு ஏழு பெட்டி இரண்டு பெட்ரூம் வீட்டில் எங்கே வைப்பது! குறைத்துக்கொள்ளலாம், ஆனால் அளவில் பெரியதாக, வெவ்வேறு அறையில் வையுங்கள். வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மூன்று பெட்டி பூனைக்கு ஒரே இடம்தான், தாதா மாதிரி ஒன்று வாசலில் உட்கார்ந்தால் மற்றதெல்லாம் அடக்கிக்கொண்டு திரியும். கடையில் லிட்டர் பாக்ஸ் என்று விற்பது பெரும்பாலும் சின்னது. துணி ஊறவைக்கிற பெரிய பிளாஸ்டிக் டப் அல்லது ஒரு பக்கம் வாசல் வெட்டின ஸ்டோரேஜ் பெட்டி அதைவிட மலிவு, விளிம்பு உயரமாக இருப்பதால் மண்ணும் வெளியே தெறிக்காது. தெறிக்கிற மண்ணும் காசு, மறக்க வேண்டாம்.

பெட்டியில் இரண்டரை, மூன்று அங்குலம் மண் நிற்க வேண்டும். சிக்கனம் என்று ஓரங்குலம் போட்டால் மூத்திரம் அடிவரை இறங்கித் தட்டில் ஒட்டிக்கொள்ளும், சுரண்டும்போது கட்டி உடையும், கடைசியில் கூடுதலாகத்தான் செலவு. அள்ளின அளவுக்கு மேலே புது மண்ணைத் தூவிக்கொண்டே வாருங்கள். பிளாஸ்டிக் ஸ்கூப் வளையும். வடை எடுக்கிற எவர்சில்வர் ஜல்லிக்கரண்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிட்டால் (சமையலறைப் பக்கம் திரும்பாமல் ஒரு ரிப்பன் கட்டிவிடுங்கள்) அடிவரை இறங்கி முழுக் கட்டியாக வரும். காலை, மாலை இரண்டு வேளையும் அள்ளினால் அதே மூட்டை கூடுதல் நாள் வரும். இதில் உடம்பு சம்பந்தமான காரணமும் உண்டு: மலத்தில் வரக்கூடிய டாக்ஸோப்ளாஸ்மா கிருமி தொற்றுகிற நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், அதற்குள் அள்ளிவிட்டால் நல்லது. கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள்.

வாடைக்குக் கண்டதையும் ஊற்றாதீர்கள். அடியில் ஒரு ஸ்பூன் ஆப்பச்சோடா தூவலாம், அவ்வளவுதான். பெட்டி கழுவ பினாயில் வேண்டவே வேண்டாம், டெட்டாலும் வேண்டாம். அந்த வகை ரசாயனத்தைப் பூனையின் கல்லீரல் சரியாக உடைக்காது, காலில் பட்டதை நக்கினாலே விஷம். ப்ளீச்சிங் பவுடர் மூத்திரத்தோடு சேர்ந்தால் வருகிற புகை உங்களுக்கே கெடுதல். பாத்திரம் கழுவுகிற சோப்பு, சுடுதண்ணீர், நல்ல வெயில், போதும்.

மண்ணை மாற்றும்போது ஒரே நாளில் எல்லாப் பெட்டியிலும் மாற்றாதீர்கள். பழையதில் கால் பங்கு புதுசைக் கலந்து வாரக் கணக்கில் கூட்டிக்கொண்டே போங்கள், ஒரு பெட்டியில் மட்டும் பழையது அப்படியே இருக்கட்டும். யாராவது வெளியே போக ஆரம்பித்தால் உடனே மண்ணைக் குறை சொல்லவும் வேண்டாம். முக்கியமாக ஆண் பூனை அடிக்கடி பெட்டிக்குப் போய் முக்கிவிட்டு ஒன்றும் வராமல் திரும்பினால் அது மூத்திர அடைப்பாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய விஷயம். தினமும் கட்டியை எண்ணுகிற பழக்கம் இருந்தால் திடீரென்று குறைவது உங்கள் கண்ணில் முதலில் படும்.

வகை முடிவானதும் மூட்டையாக வாங்குங்கள். இருபது கிலோவுக்கு மேல் போனால் விலை இறங்கும், ஏரியாவில் பூனை வளர்க்கிற நாலு வீடு சேர்ந்தால் டெலிவரி செலவும் பங்காகும். ஆனால் முதல் தடவையே அப்படி வாங்காதீர்கள், ஒரு சின்ன பை முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகு. மூட்டை பிரிக்கிற அன்று மார்க்கரில் தேதியை எழுதிவிட்டு, தீர்ந்ததும் விலையை நாளாலும் பூனையாலும் வகுத்தால் தலைக்கு நாளைக்கு எவ்வளவு என்று வந்துவிடும். அடுத்து எந்தக் கம்பெனி ஆஃபர் போட்டாலும் இந்த எண்ணோடு ஒப்பிட்டால் போதும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பெண்டோனைட் காற்றிலிருந்தே தண்ணீர் இழுத்துக்கொள்ளும் என்பதால் பிரித்த மூட்டையை மூடி போட்ட அரிசி டிரம்மில் கொட்டி வையுங்கள். அள்ளின கட்டியை டாய்லெட்டில் போடக் கூடாது, குழாய்க்குள் போயும் அது உப்பத்தான் செய்யும், ப்ளம்பர் கூலி ஒரு வருஷ மண் காசு. செய்தித்தாளில் சுற்றிக் குப்பை வண்டியில் தனியாகக் கொடுத்துவிடுங்கள். பெல்லட் தூளைச் செடிக்குப் போடலாமா என்றால் பூச்செடிக்கு மக்கவைத்துப் போடலாம், மலம் கலக்காததாக இருக்க வேண்டும். கீரை, தக்காளித் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.