கோழிக் கொட்டகையைக் கீரி, மரநாயிடமிருந்து காப்பது எப்படி?

கோழி செத்துக் கிடந்தால் முதலில் தடயம் பாருங்கள். பகலில் கழுத்தைக் கடித்துப் போட்டிருந்தால் பெரும்பாலும் கீரி. இரவில், அதுவும் கூரை ஓடு விலகியிருந்தால் மரநாய். இறகு முற்றமெங்கும் சிதறியிருந்தால் தெருநாய். சத்தமில்லாமல் முட்டையும் குஞ்சும் குறைந்தால் பாம்பு அல்லது பெருச்சாளி.

அறுகோணக் கண் கொண்ட கோழிவலையை நம்பாதீர்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். நாய் பல்லால் இழுத்தால் கிழிந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்தான் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை) சரி. சுற்றிலும் ஒரு அடி பள்ளம் தோண்டி வலையை இறக்கி, அடிப்பகுதியை வெளிப்பக்கமாக இன்னொரு அடி மடித்து மண் மூடுங்கள். தோண்டும் விலங்கு சுவரை ஒட்டியே தோண்டும், மடிப்பில் தட்டி நின்றுவிடும். சட்டத்தில் வலையை வாஷர் போட்டுத் திருகாணியால் முடுக்குங்கள். வெறும் ஆணி நாளடைவில் கழன்றுவிடும். கூரைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும் அடையுங்கள். பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

குஞ்சுகளைப் பகலிலும் பஞ்சாரத்தில் (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை) மூடி வையுங்கள். பருந்தும் வைரி என்ற சிறிய வேட்டைப் பறவையும் ஒரு நொடியில் தூக்கிவிடும். மீன்வலை கட்டினால் தலைக்கு மேல் மட்டும் கட்டுங்கள், தரையில் தொங்கினால் பாம்பு சிக்கிச் சாகும். மாலைக்குள் முட்டையை எடுத்து, சிந்திய தீவனத்தைப் பெருக்கிவிடுங்கள். தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

விஷம் வைக்கவே வேண்டாம். கோழியே தின்றுவிடும், தவிர, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரியைக் கொல்வது குற்றம்.