வேற்று விண்மீனின் வால்மீனை அளப்பது எப்படி?

2025 நவம்பரில் ஒரு விடியற்காலை, மழை மேகம் விலகிக் கிடைத்த ஒரு மணி நேரத்தில்தான் 3ஐ/அட்லஸ் வால்மீன் என் கேமராவில் பதிந்தது. 8 அங்குலத் தொலைநோக்கி. படத்தில் பஞ்சுத் துணுக்கு போல ஒரு பொட்டு. இன்னொரு விண்மீனைச் சுற்றி உறைந்த பனி அது. அழகான படத்தோடு நிறுத்த எனக்கு மனமில்லை, அளந்தே ஆக வேண்டும்.

முதலில் சிவப்பு ஃபில்டர் போடுங்கள். வால்மீனின் சயனோஜன் வாயு 388 நானோமீட்டரில், ஊதாவுக்கு ஓரமாக ஒளிரும். ஈரணுக் கார்பன் பச்சையில் ஒளிரும். சிவப்பில் பெரும்பாலும் தூசு மட்டும்தான் மிஞ்சும். 60 நொடிப் படங்களாக முப்பது, நாற்பது எடுங்கள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கும்போது (ஸ்டாக்) விண்மீன்களை அல்ல, வால்மீனின் நகர்வைப் பின்தொடருங்கள். அதன் நகர்வு வேகம் நாசாவின் ஜேபிஎல் ஹொரைசன்ஸ் என்ற இணையச் சேவையில் கிடைக்கும்.

அப்புறம் ஒளியை அளக்கும் வட்டம். நான் தப்பு செய்தது இங்கேதான். இரண்டு வாரம் ஒரே பிக்சல் அளவில் வட்டம் போட்டேன். அப்போது வால்மீன் பூமியை நெருங்கிக்கொண்டிருந்ததால், அதே வட்டத்துக்குள் அடங்கிய கிலோமீட்டர்கள் நாளுக்கு நாள் குறைந்தன. தூரத்துக்குத் திருத்தம் செய்த பிறகும், வால்மீன் உண்மையைவிட வேகமாக மங்குவதுபோல் தெரிந்தது. எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட வேண்டியதாயிற்று. வட்டத்தைக் கிலோமீட்டரில் வையுங்கள்: 10,000 கி.மீ. ஆரம் என்றால், 30 கோடி கி.மீ. தொலைவில் அது சுமார் 7 ஆர்க்செகண்டு (ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்டு). 20,000 கி.மீ. ஆரத்திலும் அளந்து பாருங்கள். ஒளி ஏறக்குறைய இரண்டு மடங்கானால் தூசு சீராக வெளியேறுகிறது என்று கொள்ளலாம்.

வேதியியலுக்குச் சிறிய தொலைநோக்கி போதாது. பெரிய கருவிகளின் முடிவுகளைப் படிக்க வேண்டும். சரி, எப்படிப் படிப்பது? சூரியனிடமிருந்து எவ்வளவு தூரத்தில் அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள். 2025 ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 3ஐ/அட்லஸைப் பார்த்தபோது நீராவியைப்போல் சுமார் 8 மடங்கு கார்பன் டை ஆக்சைடு வெளிவந்தது. ஆனால் அப்போது சூரியன் ஏறத்தாழ 50 கோடி கி.மீ. தள்ளி இருந்தது. அந்தத் தொலைவில் நீர்ப்பனி சரியாக ஆவியாகாது. அதனால் உள்ளே இருக்கும் பனியின் விகிதமும் அதேதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2019இல் வந்த இன்னொரு வேற்று விண்மீன் வால்மீனான 2ஐ/போரிசோவ் வேறு கதை. சுமார் 30 கோடி கி.மீ. தொலைவில், நீர்ப்பனி நன்றாக ஆவியாகும் இடத்தில், ஹப்பிள் அதில் நீராவியைவிட அதிகமாகக் கார்பன் மோனாக்சைடைக் கண்டது. அந்த வாயுவே உறைந்துபோகும் கடுங்குளிரில்தான் போரிசோவ் உருவாகியிருக்க வேண்டும்.