‘ரிகார்ட்’ என்று தேடாதீர்கள்: சிக்னேச்சர் நீக்கும் மேக்ரோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த மெர்ச்சண்டைசர் (பையரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர்) தம்பி ஒருவர் அவுட்லுக்கில் மேக்ரோ, அதாவது ஒரு வேலையைத் தானாகச் செய்துவிடும் சின்ன நிரல், எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். மெயிலில் சிக்னேச்சர் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க அவர் போட்டிருந்த தேடுசொல் ‘ரிகார்ட்’. எனக்கு வயிற்றைப் புரட்டியது. பத்து வருடங்களுக்கு முன் நான் போட்ட அதே சொல், கடைசியில் எஸ் கூட இல்லாமல், அப்படியே.

இந்த மேக்ரோ ஆசை எப்படி வருகிறது என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் ஏற்றுமதிக்கு ஆடை தைப்பவர்கள். ஒரு ஸ்டைலுக்கு, அதாவது ஒரு ஆடை மாடலுக்கு, ஆர்டர் கொடுக்கும் பையருடன் நடக்கும் மெயில்களை எல்லாம் பிரிண்ட் எடுத்து ஃபைலில் கோத்து, கட்டிங் மாஸ்டர் வரைக்கும் கொடுப்போம். விஷயம் என்னவோ இரண்டு வரிதான். அதற்குக் கீழே பெயர், பதவி, மூன்று போன் நம்பர், லோகோ, ‘பிரிண்ட் எடுக்கும் முன் மரங்களை நினையுங்கள்’ என்று பச்சை எழுத்தில் ஒரு வேண்டுகோள், அதற்கும் கீழே அரைப் பக்கத்துக்கு வக்கீல் பாஷை. ஒவ்வொரு பதிலுக்கும் இது திரும்ப வரும். மரத்தை நினைக்கச் சொல்லும் அந்த வரியாலேயே ஒரு பக்கம் கூடுதலாகப் போன நாட்கள் உண்டு.

மேக்ரோவை எங்கே திறப்பது, எப்படி அனுமதி கொடுப்பது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதில் தவறினால் மேக்ரோ ஓடாது, அவ்வளவுதான். ஓடிக் கெடுக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

## மேக்ரோவே தேவைப்படாத இடம்

நீங்கள் பதில் அனுப்பும்போது உங்கள் சிக்னேச்சர் வரக்கூடாது என்பது மட்டும்தான் தேவையா? அவுட்லுக்கின் ஆப்ஷன்ஸில் மெயில் பகுதிக்குப் போய், சிக்னேச்சர்ஸைத் திறந்து, ரிப்ளை, ஃபார்வர்டு இரண்டுக்கும் ‘நன்’ என்று வைத்துவிடுங்கள். வேலை முடிந்தது. இதற்கு நாற்பது வரி மேக்ரோ எழுதி வைத்திருந்தவரை நான் பார்த்திருக்கிறேன். (கண்ணாடியில்.)

சில மெயில்களுக்கு மட்டும் நீக்க வேண்டும் என்றால் அப்போது மேக்ரோ சரி. அவுட்லுக் தானாகச் சிக்னேச்சர் செருகும்போது அதைச் சுற்றி ‘மெயில்ஆட்டோசிக்’ என்று ஒரு மறைவான புக்மார்க் வைக்கிறது. பெயருக்கு முன்னால் ஒரு அடிக்கோடும் உண்டு. எழுதும் ஜன்னலின் வேர்டு எடிட்டர் வழியாக அந்தப் புக்மார்க்கைப் பிடித்து, அதற்குள் இருப்பதை அழித்தால் சுத்தமாகப் போய்விடும். ஆனால் இது நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் மெயிலுக்கான வழி. வெளியிலிருந்து வந்த மெயிலில் இதை நம்பாதீர்கள். கையால் தட்டிய சிக்னேச்சருக்கும் இது உதவாது.

## ‘ரிகார்ட்’

இதற்கு வருவோம்.

வந்த மெயிலில் சிக்னேச்சர் எங்கே ஆரம்பிக்கிறது என்பதற்கு ஊரறிந்த ஒரே அடையாளம் யூஸ்நெட் என்ற அந்தக் காலத்து இணைய விவாதக் குழுக்களின் பழக்கம்தான்: இரண்டு கோடு, ஒரு இடைவெளி, தனி வரியில். 2004-இல் வந்த ஆர்எஃப்சி 3676 என்ற இணையத் தரநிலை ஆவணத்திலும் அது இருக்கிறது. தண்டர்பேர்டு இன்றும் அதைப் போட்டுக்கொடுக்கிறது. அவுட்லுக் போடுவதில்லை. நம் பையர்களில் பெரும்பாலோர் அவுட்லுக். ஆகவே நாம் என்ன செய்வோம்? ‘தேங்க்ஸ் அண்ட் ரிகார்ட்ஸ்’ எங்கே இருக்கிறது என்று தேடி, அங்கிருந்து கடைசி வரை வெட்டுவோம்.

நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். சிலர் எஸ் இல்லாமல் ‘பெஸ்ட் ரிகார்ட்’ என்று எழுதுகிறார்களே, அதுவும் சிக்கட்டும் என்று எஸ்ஸை எடுத்துவிட்டேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் தடுக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கித் தேடினேன். நூறு மெயிலில் ஓட்டிப் பார்த்தேன், அருமையாக வெட்டியது. இன்பாக்ஸ் முழுக்க ஓட்டினேன். டீ குடிக்கப் போனேன்.

ஒரு பையரிடமிருந்து பி.பி. சாம்பிளுக்கு, அதாவது உற்பத்திக்கு முன் ஒப்புதலுக்கு அனுப்பும் மாதிரிக்கு, கமென்ட்ஸ் வந்திருந்தது. சுருக்கம் இதுதான்: சாம்பிள் ஓகே, கட்டிங் தொடங்கலாம். அடுத்த பத்தி, ‘ரிகார்டிங் தி செஸ்ட் பிரிண்ட்’ என்று ஆரம்பித்து, பிரிண்ட் கழுத்துத் தையலிலிருந்து 6 செ.மீ. வேண்டாம், 8 செ.மீ. கீழே வரட்டும் என்றது.

‘ரிகார்டிங்’குக்குள் ‘ரிகார்ட்’ இருக்கிறது. மேக்ரோ எழுதும் மொழியான விபிஏவில் தேடும் கட்டளையான இன்ஸ்டர் என்பது சொல்லைத் தேடுவதில்லை, எழுத்துகளைத் தேடுகிறது. அது சரியாகத்தான் தேடியது. அங்கிருந்து கடைசி வரை வெட்டியது. மிஞ்சியது: சாம்பிள் ஓகே, கட்டிங் தொடங்கலாம்.

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது அந்த மிச்சத்தைப் பார்த்துத்தான். பாதி வாக்கியத்தில் அறுந்து தொங்கியிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். பிழைச் செய்தி வந்திருந்தால் நானே நின்றிருப்பேன். முழுசான, மரியாதையான, சந்தோஷமான ஒரு மெயிலாக அது நின்றது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கட்டிங் ஆனது. நெஞ்சுப் பிரிண்ட் தைப்பதற்கு முன்பே, வெட்டிய முன்பாகத் துணியில் போடுவது என்பதால் 3,200 பீஸ் முன்பாகமும் பிரிண்டிங் யூனிட்டுக்குப் போய் 6 செ.மீ.யில் அச்சாகி வந்தது.

அச்சான துணியைத் திருப்ப முடியாது. முன்பாகத்தை மட்டும் மறுபடி வெட்டலாம் என்றால் துணி வேண்டும். துணி வேண்டுமென்றால் நிட்டிங், அப்புறம் டையிங். டையிங்கில் வேறு லாட் என்றால் ஷேடு ஒரு இழை தள்ளித்தான் வரும். முன்பக்கம் ஒரு நீலம், முதுகு ஒரு நீலம் என்று சட்டை தைத்து அனுப்ப முடியுமா? பின்பாகமும் சேர்த்தே வெட்டினோம். தூத்துக்குடி போய்க் கப்பல் ஏற வேண்டிய சரக்கு விமானத்தில் போனது. அந்தச் செலவு யார் தலையில் என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில் நாங்கள் பையரிடம் சண்டைக்குத்தான் போனோம். “நீங்கள் சொல்லவே இல்லை” என்று மெயில் போட்டோம். அவர்கள் தங்கள் சென்ட் ஐட்டத்திலிருந்து எடுத்து அப்படியே ஃபார்வர்டு செய்தார்கள். முதலாளி இரண்டு பிரிண்ட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“ஏனுங் தம்பி, இது அவங்க அனுப்புனது. இது நம்மளுது. நடுவுல இருந்ததை யாரு தின்னுபோட்டாங்க?”

தின்றது என் மேக்ரோ. அதைவிடப் பெரிய தப்பு, தின்றதை அது மெயிலிலேயே சேவ் செய்திருந்தது. வந்த மெயிலின் எச்டிஎம்எல்பாடியை (வடிவமைப்போடு கூடிய உள்ளடக்கத்தை) மாற்றி சேவ் என்று ஒரு வரி போட்டால், அதற்கு அன்டு கிடையாது. எங்களுடையது எக்ஸ்சேஞ்ச் கணக்கு என்பதால் சர்வரிலும் அதுவே, போனிலும் அதுவே. எங்கே திறந்தாலும் வெட்டுப்பட்ட மெயில்தான். எங்கள் பக்கம் ஒரு சாட்சிகூட மிஞ்சவில்லை.

சரி, என்னதான் செய்வது? நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

அசல் மெயிலைத் தொடுவதே இல்லை. பிரிண்ட்டுக்காகத்தானே நீக்குகிறோம்? மெயிலை காப்பி எடுத்துத் தனி ஃபோல்டருக்கு நகர்த்தி, அதில் மட்டும் கை வைக்கிறேன். அடையாளச் சொல் வரியின் தொடக்கத்தில் இருக்க வேண்டும், அந்த வரியில் நாலைந்து சொல்லுக்கு மேல் இருக்கக்கூடாது. ‘தேங்க்ஸ் ஃபார் தி லேப் டிப்ஸ்’ என்று தொடங்கும் மெயில் இந்த விதியிலும் நுழைந்துவிடும். ஆகவே அடையாளத்துக்குக் கீழே, அடுத்த மெயில் தொடங்கும் வரை, பத்து வரிக்கு மேல் இருந்தால் வெட்டாமல் விட்டுவிடுகிறேன். வக்கீல் பாஷையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது ஒவ்வொரு கம்பெனிக்கும் மாறாத வாசகம், அதைத் தனியாக முதலில் எடுத்துவிடலாம்.

‘அடுத்த மெயில் தொடங்கும் வரை’ என்றேனே, அதுவும் முக்கியம். தொடர் மெயிலில் முதல் ‘ரிகார்ட்ஸ்’ஸிலிருந்து கடைசி வரை வெட்டினால் பழைய மெயில்கள் அத்தனையும் போகும். பின்னாலிருந்து தேடும் இன்ஸ்டர்ரெவ் போட்டால் அடியில் கிடக்கும் பழைய மெயிலின் சிக்னேச்சர் மட்டும் போகும், மேலே உள்ளது நிற்கும். முதலில் தொடரைத் துண்டு போடுங்கள். அவுட்லுக் என்றால் ஃப்ரம், சென்ட், டூ, சப்ஜெக்ட் என்ற தலைப்பு வரிசை. ஜிமெயில் என்றால் ‘ஆன்’ என்று தொடங்கி ‘ரோட்’ என்று முடியும் வரி. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் தனித்தனியாகத் தேடுங்கள்.

வெட்டியதை எல்லாம் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி வைக்கிறேன்: தேதி, சப்ஜெக்ட், வெட்டிய வாசகம். பொழுதோடு கிளம்பும் முன் ஒரு ஓட்டம் பார்ப்பேன். சிக்னேச்சர் குவியலுக்கு நடுவே ‘செ.மீ.’ என்று ஒன்று கிடந்தால் கண்ணில் படாமல் போகாது.

இன்னொன்று, எல்லாப் பையரும் ரிகார்ட்ஸ் போடுவதில்லை. ஜெர்மன்காரர் ‘மிட் ஃப்ராய்ன்ட்லிஷன் க்ரூசன்’ என்பார், அவசரத்தில் எம்எஃப்ஜி என்று மூன்று எழுத்து. பிரெஞ்சுக்காரர் ‘கோர்தியால்மோன்’. ஸ்பெயின்காரர் ‘சலூதோஸ்’. உள்ளூர் ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் ‘இப்படிக்கு’. உங்களுக்கு வரும் மெயிலைப் பார்த்துப் பட்டியல் போடுங்கள்.

## பாடியில் வெட்டாதீர்கள், எச்டிஎம்எல்பாடியில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள்

எச்டிஎம்எல் மெயிலில் பாடி என்ற பண்பை மாற்றினால் மொத்த மெயிலும் வெற்று எழுத்தாகிவிடும். அளவு டேபிள் என்ன ஆகும்? எஸ், எம், எல், எக்ஸ்எல் எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து, எந்த அளவு எந்த சைஸுக்கு என்று ஜோசியம் பார்க்க வேண்டும்.

எச்டிஎம்எல்பாடியில் வேறு கூத்து. கண்ணுக்குத் தெரியும் ‘தேங்க்ஸ் & ரிகார்ட்ஸ்’ உள்ளே அப்படி இருக்காது. நடுவிலுள்ள அந்த & குறி உள்ளே வேறு குறியீடாக, ஆம்பர்சண்ட், ஏஎம்பி, அரைப்புள்ளி என்று விரிந்து நிற்கும். சில நேரம் இரண்டு சொல்லுக்கு நடுவே ஒரு எழுத்துரு டேக் புகுந்திருக்கும். சாதாரண இடைவெளிக்குப் பதில் உடையா இடைவெளி இருக்கும். தேடினால் கிடைக்காது, மேக்ரோ உடைந்துவிட்டது என்று நினைப்பீர்கள். கிடைத்து வெட்டினாலோ, சிக்னேச்சர் ஒரு டேபிளுக்குள் இருந்தால் டேபிளின் வாலும் சேர்ந்து போய் மிச்சம் கோணிக்கொள்ளும். வேர்டு எடிட்டர் வழியாகப் பத்தி பத்தியாகப் போவது மெதுவானதுதான், ஆனால் இந்தத் தொல்லை இல்லை.

## லோகோ என்று நினைத்துப் படத்தை நீக்குவது

சிக்னேச்சர் போனாலும் லோகோ படம் மெயிலுக்குள் இணைப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். ‘இமேஜ்001’ என்று பெயர் பார்த்து நீக்கினால், பையர் மெயிலுக்குள் ஒட்டிய ஆர்ட் ஒர்க் படத்துக்கும் அவுட்லுக் அதே மாதிரிப் பெயர்தான் வைக்கும். சின்னப் படம் என்றால் லோகோ என்றும் சொல்ல முடியாது, வாஷ் கேர் குறியீடுகளும் சின்னப் படம்தான். நீங்கள் வெட்டிய பகுதிக்குள் எந்தப் படத்தின் சிஐடி (மெயிலுக்குள் அந்தப் படத்தைச் சுட்டும் அடையாளம்) இருந்ததோ, மிச்சப் பகுதியில் எங்கும் இல்லையோ, அதை மட்டும் நீக்குங்கள். நீக்கும் லூப் கடைசியிலிருந்து ஒன்றை நோக்கி வரட்டும். முன்னாலிருந்து போனால் ஒன்றை விட்டு ஒன்றுதான் அழியும்.

## ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’

பிழை வந்தாலும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் கட்டளை இது. மேக்ரோவின் தலையில் போட்டுக் கதவைச் சாத்தாதீர்கள்.

## டிஜிட்டல் கையொப்பமிட்ட மெயில்

தொட்டால் கையொப்பம் செல்லாது. தாண்டிப் போங்கள்.

## எல்லாச் சிக்னேச்சரும் குப்பை இல்லை

ஒவ்வொருவரின் முதல் மெயிலிலும் சிக்னேச்சரை விட்டுவையுங்கள். கொரியரில் சாம்பிள் அனுப்ப முகவரி வேண்டும், ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட நம்பர் வேண்டும். பையர் அலுவலகம் மாறியதே சில நேரம் சிக்னேச்சரைப் பார்த்துத்தான் தெரியவரும்.

## புதிய அவுட்லுக்

விண்டோஸுக்கான புதிய அவுட்லுக்கில் விபிஏ மேக்ரோ ஓடாது. மேலே சொன்னதெல்லாம் பழைய அவுட்லுக்குக்கு.

## எழுதிய மேக்ரோவைக் காப்பாற்றாமல் விடுவது

எக்செல் மாதிரி இது கோப்போடு கூட வராது. அவுட்லுக்கின் எல்லா மேக்ரோவும் ‘விபிஏப்ராஜெக்ட்’ என்ற பெயரில், ஓடிஎம் என்று முடியும் ஒரே கோப்பில், ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டருக்குள் கிடக்கும். சிஸ்டம் மெதுவாக இருக்கிறது என்று சர்வீஸ் தம்பியைக் கூப்பிட்டோம். டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் எல்லாம் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் ஃபார்மேட் போட்டார், பாவம். “அதுல ஒண்ணு இருந்துச்சுங்களாண்ணா?” என்று அப்புறம் கேட்டார். இரண்டாவது முறை எழுதியபோதுதான் அந்த டெக்ஸ்ட் கோப்பு யோசனை வந்தது, அது வேறு விஷயம். இப்போது மாதம் ஒருமுறை அந்த ஓடிஎம் கோப்பைப் பென் டிரைவில் போட்டுவிடுகிறேன்.